பொறி வைக்கிறவனின் அம்மா

செழியா,

பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இங்கே வியட்நாமில், நம் சைகோனில் இருக்கும் தமிழர்கள் என்னிடம் கேட்டார்கள். சமையல் குறிப்பு வரும் என்று நினைத்திருப்பார்கள். என் பையனுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அதைப் போடுங்கள் என்றேன். "எல்லாரும் படிப்பாங்களே, பரவாயில்லையா?" என்று தயங்கினார்கள். எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ அடுத்த வாரம் ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். உன் அறையில் பெட்டி மூன்று நாளாகத் திறந்தே கிடக்கிறது. சாம்பார்ப் பொடிக்கு அதில் இடம் இல்லையாம். பகடை டப்பாக்கள் ஆறுக்கு இடம் இருக்கிறது. சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிப் பார்த்தேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாய். மலர் வரும் முன்பே ஒரு பிரதியை உன் கையில் கொடுத்தால், பெட்டி கட்டுவதற்கு நடுவிலாவது உட்கார்ந்து படிப்பாய்.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் தொழில் ஒரு விளையாட்டு. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். "பாழடைந்த கோட்டைக்குள் நுழைகிறீர்கள், எதிரே இரண்டு கதவுகள்" என்பார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்திருப்பார்கள். ஒருத்தி திருடி, ஒருவன் போர்வீரன், ஒருவன் வைத்தியன். "நான் இடது கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று யாராவது சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடையை உருட்டுவார்கள். திரை கிடையாது, கணினி கிடையாது, பேச்சுதான் எல்லாம். அந்தக் கோட்டையில் தரை எங்கே திறக்கும், எந்தப் படியில் கால் வைத்தால் கூரை இறங்கும் என்று முன்கூட்டியே யோசித்து, வரைந்து, எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. நான் ஒரு ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஆபத்து வைப்பதற்கு ஜெர்மனியில் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் உனக்குச் சம்பளம் தரப்போகிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே குக்கர்ச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறோம்.

நாம் சைகோனுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, எனக்கு நகர ஓரத்துத் தூ டுக்கில் பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஆலையில் வேலை. உன் பதிமூன்றாவது வயதில் பள்ளித் தோழன் ஒருவன் வீட்டில் இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தாய். அந்த வருடம் டெட் புத்தாண்டு விடுமுறைக்கு வழக்கம்போல ஊரே கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கூட இல்லை. எங்கும் போக இடமில்லாமல் நாம் மூன்று பேரும் வீட்டில் கிடந்தோம். என்னை விளையாடக் கூப்பிட்டாய், எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அப்பா பாவம், ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் போர்வீரன் முதல் கதவைத் திறந்தான்.

"கைப்பிடியில விஷ ஊசி. நீங்க செத்துட்டீங்க," என்றாய்.

"ஊசி இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுப்பா. அதான் பொறி."

"கதவைத் திறந்தா சாவு, திறக்காட்டிக் கதையே இல்ல. இது என்னடா நியாயம்?"

அப்பா விடாமல் இரண்டாவது ஆளை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த ஆள் மூன்றாவது படியில் செத்தான். அதற்கடுத்தவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் செத்தான். "நான் டீ போடப் போறேன், அங்கயாவது உசுரோட இருப்பேன்," என்று அப்பா எழுந்து வந்துவிட்டார். உனக்குப் பெருமை தாங்கவில்லை. யாராலும் தப்பிக்க முடியாத பொறிகள் என்று நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாய்.

அந்த நோட்டுகளைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். அடுத்த வருடம் உன் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உன் வகுப்பாசிரியை மேசையில் உன் நோட்டு ஒன்றை விரித்து வைத்திருந்தார். கட்டம் போட்ட தாளில் உன் பள்ளியின் நடைபாதையை அளவு பிசகாமல் வரைந்து, இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே ஈட்டிகள் நட்ட குழி ஒன்று வைத்திருந்தாய். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றும் கேட்டார். பாதுகாப்பு அதிகாரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து உன் அலமாரியிலிருந்த நான்கு நோட்டுகளையும் எடுத்தேன். பழைய பேப்பரும் பாட்டிலும் வாங்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற வே சாய்க்காரம்மா அப்போது வாசலில் நின்றாள். நோட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை நீ சாப்பிடும்போது உன்னிடம் சொன்னேன். நீ கிண்ணத்தைப் பார்த்தபடி "எல்லாமா?" என்று மட்டும் கேட்டாய். எல்லாமும் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு வெகுநாள் வீட்டில் நீ எதையும் வரையவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். எதற்காக வரைகிறாய் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைத் தனியாக ஒருமுறை உன்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இப்போது ஊரறிய ஒப்புக்கொள்கிறேன்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது எங்கள் ஆலையில் லாம் என்கிற தொழிலாளிக்கு விபத்து நடந்தது. இதை நீ அறிவாய், ஆனால் முழுக்க அறிய மாட்டாய். வார்த்து வரும் மூடிகள் ஓடும் பட்டையில் வரிசையாக வந்து, ஓரம் சீவுகிற இயந்திரத்தின் வாய்க்குள் போகும். ஏதாவது ஒரு மூடி குறுக்கே திரும்பினால் வாயில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுச் சாவியைத் திருப்பினால்தான் மறுபடி ஓடும். அந்த விதியையும் படிவத்தையும் எழுதியவள் நான். கையை விடாதீர்கள் என்று படத்தோடு மூன்று பலகைகள் மாட்டியவளும் நான். ஒரு புதன்கிழமை காலை லாம் கையை விட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. நான் அறிக்கை எழுதினேன். மூன்று பலகைகளையும் படம் எடுத்து இணைத்து, காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று போட்டேன். அப்படிப் போட்டால் அவருக்கு வேலை போகும் என்று எனக்குத் தெரியும். விதி விதிதான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நடுவில் கேட்டாய்.

"அவர் ஏம்மா கையை விட்டார்?"

"கவனம் இல்லாம."

"எத்தனை வருஷமா அங்க வேலை பாக்குறார்?"

"பதினொண்ணு."

"கவனம் இல்லாத ஆளு பதினோரு வருஷம் ரெண்டு கையோட இருந்திருக்காரா?"

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பல வருடம் கழித்து முதல்முறையாக அந்த விளையாட்டைப் பற்றி என்னிடம் பேசினாய். "சனிக்கிழமை சனிக்கிழமை நான் நாலு பேருக்குக் கதை நடத்துறேம்மா. நாலு பேரும் ஒரே குழியில விழுந்தா, அவங்களை முட்டாள்னு சொல்லிட்டு வீட்டுக்கு வர முடியாது. அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டாங்க. குழிக்கு முன்னால நான் என்ன காட்டினேன், அவங்க கண்ணுல என்ன பட்டுதுன்னு திரும்பிப் பாப்பேன். பாதிக்குமேல தப்பு என் பக்கம்தான் இருக்கும்."

"இது விளையாட்டு இல்லடா."

"அதனாலதான் கேக்குறேன்," என்றாய்.

மறுநாள் காலை வேலை தொடங்கும்போதே போய், லாம் நின்ற இடத்தில் நான் நின்றேன். அந்த வரிசையை ஆயிரம் முறை கடந்து நடந்திருக்கிறேன், நின்றதில்லை. நின்றால் கண்ணுக்கு நேராகத் தெரிவது என் பலகைகள் அல்ல; அன்றைய உற்பத்தி எண்ணிக்கையைக் காட்டும் பெரிய திரை. வேகம் குறைந்தால் எண் சிவப்பாகிறது. நிறுத்தும் பொத்தான் முதுகுக்குப் பின்னால், மூன்று எட்டு தள்ளி இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே மூடி இரண்டு முறை சிக்கியது. இரண்டாவது முறை சிக்கியபோது லாமுக்குப் பதிலாக நின்ற ட்ராங் என்கிற பெண் நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாள். மேலங்கிக்குள்ளிருந்து சாப்பாட்டுக் குச்சி ஒன்றை எடுத்து, மூடியை ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுக் குச்சியை மறைத்தாள். பிறகு என்னைப் பார்த்து வெளிறிப்போனாள்.

"எல்லாரும் இப்படித்தான் செய்வீங்களா?" என்று கேட்டேன்.

"குச்சி இல்ல, சி. இதுக்குன்னு ஒரு மூங்கில் கம்பு இருந்துச்சு," என்றாள். ஆலையில் என்னை அக்கா முறையில் சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது எங்க?"

"திங்கட்கிழமை நீங்கதான் தூக்கிப் போடச் சொன்னீங்க."

திங்கட்கிழமை சுத்தம் பார்க்கிற சோதனைக்குப் போயிருந்தேன். தூணுக்குப் பின்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு மூங்கில் கம்பு சாய்த்து வைத்திருந்தது. வருடக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அதன் ஒரு முனை எண்ணெய் தடவினாற்போலப் பளபளத்தது. தேவையில்லாத பொருள் என்று குறித்துவிட்டுக் குப்பைக்கு அனுப்பினேன். இத்தனை கை பட்ட கம்பு எதற்கு இங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வருடம் லாமின் விரல்களைக் காப்பாற்றியது அந்தக் கம்பு. அது போன மூன்றாம் நாள் விரல்களும் போயின. அந்த இடத்தில் ஒருவர் கையை விடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஒவ்வொன்றாக நானே அடுக்கி வைத்திருந்தேன். உன் மொழியில் சொன்னால் அது அப்பா திறந்த கதவைவிட மோசம்.

அறிக்கையைத் திருப்பி வாங்கி, கம்பு முதல் படிவம் வரை உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆலைத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார். "இப்படி எழுதினா உங்க பேர்தான் வரும்," என்றார். வரட்டும் என்றேன். ஒரு வருடம் என் பொறுப்பை என்னைவிடப் பத்து வயது இளையவர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்குக் கீழே என்னை உட்கார வைத்தார்கள். அது ஏன் என்று நீ கேட்டபோது "ஆபீஸ்ல மாத்தம்" என்று மழுப்பினேன், காரணம் இதுதான். லாமுக்கு வேலை போகவில்லை. கையால் எழுதும் படிவம் ஒழிந்தது, இயந்திரத்தின் வாயை அகலப்படுத்தினார்கள், நிறுத்துவதற்குக் காலடியிலேயே ஒரு மிதி வைத்தார்கள். கம்பு விஷயத்தை நானே சொல்ல வேண்டும் என்று லாம் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "எனக்குத் தெரியும், சி. அன்னைக்குக் காலையில அதைத்தான் கொஞ்ச நேரம் தேடினேன்," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இடது கையால் எனக்குத் தேநீர் ஊற்றினார். இப்போது புது இயந்திரம் எது வந்தாலும் முதலில் அவரை ஒரு நாள் முழுக்க அதன் முன்னால் நிற்கவைத்து, என்ன தோன்றுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஓட விடுகிறோம்.

லாமுக்கு விபத்து நடந்த அந்த வாரக் கடைசியில்தான் உன்னிடம் நோட்டுகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். நீ சிரித்தாய். "அதுல இருந்தது எல்லாமே மோசமான பொறிம்மா. ஒரு அறிகுறியும் காட்டாம கொல்லும். அப்பா மூணு தடவை செத்தாரே, அந்த ரகம். இருந்திருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன்," என்றாய். என் மனம் நோகாமல் இருக்க அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து, "அந்த ஸ்கூல் வரைபடம் மட்டும் நல்லா வந்திருந்துச்சு," என்றாய். அதையும் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று சொன்னபோது உனக்கு அது பிடிக்கவில்லை. சிநேகிதர்கள் முன்னால் அம்மாவா என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் கூட்டிப்போனாய். கல்லூரிக்குப் பக்கத்தில் அந்தக் காபிக் கடை மாடி, மின்விசிறிக்கு அடியில் ஒரு நீள மேசை, ஆளுக்கொரு ஐஸ் காபி. தாவ் என்கிற பெண்ணும் இன்னும் மூன்று பேரும் எழுந்து நின்று "கோ" என்று அத்தைக்குக் கொடுக்கும் மரியாதையோடு இடம் கொடுத்தார்கள். எனக்குத் திருடி வேடம் கொடுத்தாய். பாதி வியட்நாமிய மொழி, பாதி ஆங்கிலம். என் வியட்நாமிய மொழி ஆலையில் கற்றது, அதில் "நிறுத்து", "தொடாதே" எல்லாம் சரளமாக வரும். அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

உப்பு வணிகன் ஒருவனின் கல்லறைக்குள் நாங்கள் நுழைந்தோம். நீளமான நடைபாதை. இரண்டு பக்கச் சுவரிலும் வாய் பிளந்த கல் முகங்கள். நெஞ்சு உயரத்தில் சுவர் முழுக்கக் கரி படிந்திருக்கிறது என்றாய், கிட்டப் போனால் எண்ணெய் வாடை என்றாய், தூரத்துக் கோடியில் ஒரு விளக்கு எரிகிறது என்றாய். அந்தக் கல் வாய்களிலிருந்து நெருப்பு வரும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தாவ் கல்லை எறிந்து பார்க்கலாம் என்றாள், இன்னொருவன் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்றான். எனக்கு வேறு சந்தேகம்.

"அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்துறது யாரு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"எரியுதுன்னு சொன்னியே. யாராவது தினம் வந்து ஊத்தணும் இல்ல. அந்த ஆளு கருகாம எப்படி அங்க போறான்?"

நீ உன் தாள்களைப் புரட்டினாய். மற்ற நால்வரும் உன்னைப் பார்த்தார்கள். "அதை நான் யோசிக்கலம்மா," என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாய். "பத்து நிமிஷம் குடுங்க." காபி குடித்துவிட்டு வந்தோம். "தரையைக் கவனிச்சுப் பாக்குறீங்களா?" என்று கேட்டாய். பார்க்கிறேன் என்றேன். சுவரோரமாகத் தூசி இல்லாமல் ஒரு முழ அகலத்துக்குத் தடம் இருந்தது. என் திருடி படுத்து, அந்தத் தடத்தில் தவழ்ந்து மறுகோடிக்குப் போனாள், தலைக்கு மேல் நெருப்பு போயிற்று. அதோடு முடியவில்லை. பின்னால் துரத்தி வந்த கொள்ளைக்காரர்களை அதே நடைபாதைக்குள் நிமிர்ந்து ஓடி வரும்படி தாவ் ஏமாற்றி இழுத்தாள். மேசையே குலுங்கியது. "கோ, நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று அவள் என்னிடம் கேட்டாள். விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை என்றேன். "அதான் பாத்தேன்," என்றாள். அன்றைக்கு மாலையே என் திருடி வேறொரு அறையில் செத்துப்போனாள். மூன்று அறிகுறி காட்டியிருந்தாய்; அவசரத்தில் மூன்றையும் தாண்டிப் போனேன். கொஞ்சமும் கோபம் வரவில்லை. தப்பு எங்கே என்று எனக்கே தெரிந்தது, மறுபடி போக வேண்டும் போலிருந்தது. என் பையன் இதைச் செய்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், நீ படித்து முடித்து மூன்று வருடம் வேலை பார்த்த கம்பெனியை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்யப்போவதாகச் சொன்னபோது நான் அழுதேன். அதையும் எழுத வேண்டும். இரண்டு நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை. என்னை ஆச்சரியப்படுத்தியவர் அப்பா. "பதிமூணு வயசுல என்னைக் கொன்னான். அப்பவே நான் அவனை நிறுத்தல, இப்ப எதுக்கு?" என்றார். பொறிகளைத் தொகுத்து நீ எழுதிய புத்தகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு பொறியையும் வெவ்வேறு ஆட்களிடம் ஓட்டிப் பார்த்து, நாலு பேரும் விழுந்தால் கிழித்துப் போட்டு, ஒருவரும் விழாவிட்டாலும் கிழித்துப் போட்டு எழுதினாய். அது அச்சாகி வந்ததும் முதல் பக்கத்தில் பார்த்தேன். பொறி வைப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி என்று போட்டிருந்தாய்: இதைப் பராமரிக்கிறவர் எப்படிப் போய் வருவார்? அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். லாமிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதை எங்கள் ஆலைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டார், மாட்டியிருக்கிறோம்.

போன ஆவணியில் கனடாவிலிருந்து ஒரு பெண் உனக்கு எழுதியிருந்த கடிதத்தை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. சிநேகிதர்களோடு வருடக்கணக்காக விளையாடுகிறாளாம். வழக்கமாகப் பொறி என்றால் நிறம், கோடு, நிழல் என்று கண்ணுக்கான அறிகுறியாகவே இருக்குமாம். உன் புத்தகத்தில் எண்ணெய் வாடை, ஈரக் காற்று, காலடிச் சத்தம் மாறுவது என்றெல்லாம் இருப்பதால், முதல்முறையாக எல்லோருக்கும் முன்னால் பொறியைக் கண்டுபிடித்து "நில்லுங்க" என்று சொன்னது தான்தான் என்று எழுதியிருந்தாள். படித்து முடித்துவிட்டு நீ கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாய். நான் பார்த்தேன்.

புது ஊரில் உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. குளிருக்குத் தொப்பி போடு. அங்கே உன்னைவிட மூத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் வைத்த பொறியில் தப்பு தெரிந்தால் மரியாதையாகச் சொல், ஆனால் சொல்லாமல் இருக்காதே. உன்னிடம் யாராவது தப்பு சொன்னால், அன்றைக்குப் பத்து நிமிடம் கேட்டாயே, அந்த மாதிரி கேள். பக்கத்து மேசைக்காரர் வைத்திருக்கிற ஒரு பொருள் எதற்கென்று புரியாவிட்டால் அதை நகர்த்துவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடு. இதற்கு நான் கொடுத்த விலையை நீ கொடுக்க வேண்டாம். அங்கே போனபின் ஞாயிறுதோறும் அப்பாவோடு பேசு. என்னிடம் பேசினால் போதும் என்று நினைத்துவிடாதே, அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், காத்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை மெட்ரோவில் இறங்கி த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். ஊதுபத்திக் கட்டோடு வியட்நாமியப் பெண்கள் கூட்டம். அம்மனுக்கு முன்னால் நிற்க இடமில்லாமல் ஒதுங்கியபோது, அங்கே வெள்ளிதோறும் வருகிற செட்டிநாட்டு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் வெளிநாடு போறானாமே. கம்ப்யூட்டர் வேலைதானே?" என்றார். இத்தனை வருடமாக யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உனக்கு இது தெரியாது, தெரிந்தால் வருத்தப்பட்டிருப்பாய். அன்றைக்குச் சொல்லப் பிடிக்கவில்லை.

"இல்லைங்க ஆச்சி. அவன் பொறி செய்றான்."

"எலிப் பொறியா?"

"மனுஷங்களுக்கு, ஆச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, பகடை, புத்தகம், ஜெர்மனி, ஒன்றையும் விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

"விழுந்தவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார் ஆச்சி.

"சிரிப்பாங்க. அப்புறம் எங்க தப்பு விட்டோம்னு பேசிக்குவாங்க. மறுபடி போவாங்க."

"போறதுக்குள்ள ஒருதரம் எனக்குக் காட்டச் சொல்லு," என்றார். உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டேன். நீ கிளம்புவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரும் அவர் தங்கையும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். வயதானவர்கள் என்று சுலபமாக எதையாவது வைத்து அனுப்பிவிடாதே. 1975-இல் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகும் இந்த ஊரை விட்டுப் போகாமல் இருந்த குடும்பம் அது. எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று நம் இரண்டு பேரையும்விட அவருக்கு அதிகம் தெரியும். உன்னிடம் இருப்பதிலேயே கஷ்டமான பொறியை வை.

இப்படிக்கு,
உன் அம்மா